கண்ணதாசன்

கண்ணதாசன் (ஜூன் 24, 1927 – அக்டோபர் 17, 1981) தமிழ்க் கவிஞரும் புதின ஆசிரியரும் ஆவார். திரைப்பாடல்களால் பெரும் புகழ் பெற்ற இவர், அரசியல் எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் விளங்கினார்.

வாழ்க்கைக் குறிப்பு

செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன் - விசாலாட்சி இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் முத்தையா. சிறுவயதில் வேறொரு குடும்பத்திற்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டு, நாராயணன் எனப் பெயரிடப்பட்டார். எட்டாம் வகுப்பு வரை மட்டுமே பயின்றார். இளம் வயதிலேயே புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்த "திருமகள்" இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கண்ணதாசன் என்பது அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர்.

அரசியல்

திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்து பணியாற்றினார். 1953ல் டால்மியாபுரத்திற்குக் கல்லக்குடி என்ற பெயரைச் சூட்டக் கோரி நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். "மாங்கனி" என்னும் காவியத்தைச் சிறையில் எழுதினார். 1954ல் "தென்றல்" இதழைத் தொடங்கினார். 1957 சட்டமன்றத் தேர்தலில் திருக்கோட்டியூர்த் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1961ல் ஈ. வெ. கி. சம்பத்துடன் கழகத்தை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியில் சேர்ந்தார். அக்கட்சி பின்னர் காங்கிரசுடன் இணைந்தது. நாத்திகராக இருந்த அவர், பிற்காலத்தில் "அர்த்தமுள்ள இந்துமதம்" எழுதினார்.

அரசியல் எழுத்து

பிறந்தது முதல் கழகத்தை விட்டு விலகியது வரையிலான வாழ்க்கையை "வனவாசம்" நூலில் எழுதினார். தன் பலவீனங்களையும் உடனிருந்த தலைவர்களின் செயல்களையும் அந்நூல் வெளிப்படையாகக் கூறுகிறது. ஒருவன் எப்படி வாழக் கூடாது என்பதற்குத் தன் வாழ்வையே அவர் சான்றாக வைத்தார். விலகிய பின் எழுதியது என்பதால், இதில் நினைவுகூரலும் அரசியல் எதிர்ப்பும் கலந்துள்ளன. இதன் தொடர்ச்சி "மனவாசம்" ஆகும். எம். ஜி. ஆரையும் கடுமையாக விமர்சித்து எழுதினார். எனினும் எம். ஜி. ஆர். முதலமைச்சரான பின், 1978ல் கண்ணதாசனைத் தமிழக அரசவைக் கவிஞராக நியமித்தார்.

புதினங்கள்

சில புதினங்கள்:
- ஆயிரம் தீவு அங்கையற்கண்ணி
- வேலங்குடித் திருவிழா
- சிவப்புக்கல் மூக்குத்தி
- ரத்த புஷ்பங்கள்
- சேரமான் காதலி

"சேரமான் காதலி" என்னும் வரலாற்றுப் புதினத்திற்கு 1980ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. சிவகங்கை மண்ணின் மருது சகோதரர்கள் வரலாற்றை "சிவகங்கைச் சீமை" (1959) என்ற திரைப்படமாகவும் தயாரித்தார்.

மறைவு

1981ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் காலமானார். உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, இறுதிச் சடங்கு நடைபெற்றது. காரைக்குடியில் இவருக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது.