ஸ்டார்ட்டர் நிறுத்துவதற்காக

வீட்டுப் பின்கட்டில் சிறு பட்டறை வைத்து, மரம் அறுக்கும் மெஷினோ சாணைக்கல்லோ ஓட்டும் நண்பர்கள் சிலர், "சாதாரண சுவிட்ச் போதாதா, ஸ்டார்ட்டர் எதற்கு?" என்று கேட்கிறார்கள். பெயர்தான் அவர்களைக் குழப்புகிறது.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'தெமாரர்'. 'அமார்' என்றால் படகைக் கரையில் கட்டும் கயிறு; 'தெமாரே' என்றால் அந்தக் கயிற்றை அவிழ்ப்பது. கட்டவிழ்த்து விடுபவன் என்று பொருள். ஒரு காலத்தில் அதுதான் அதன் வேலையாகவும் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓடியவை டி.சி. மோட்டார்கள். ஓடும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் கரெண்டை மட்டுப்படுத்தும். நிற்கும் மோட்டாரில் அது கிடையாது. நேராக லைனில் இணைத்தால் கம்பிச்சுருள் கருகிவிடும். ஆகவே கைப்பிடியை ஒவ்வொரு குமிழாக நகர்த்தி, தடைக்கம்பிகளைப் படிப்படியாக விலக்கினார்கள். கடைசிக் குமிழில் ஒரு மின்காந்தம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும். கரெண்ட் போனால் காந்தம் விடும். ஸ்பிரிங் கைப்பிடியைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். இன்றும் எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் 'நோ வோல்ட் காயில்' அங்கே பிறந்தது.

1888-இல் டெஸ்லாவின் ஏ.சி. மோட்டார் காப்புரிமைகள் வந்தன. அடுத்த ஆண்டு தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி மூன்று ஃபேஸ் மோட்டாரைச் செய்தார். இந்த வகையில் சிறிய மோட்டார் புறப்படும்போது ஐந்தாறு மடங்கு கரெண்ட் இழுத்தாலும், சில நொடிகளில் அடங்கிவிடும். புறப்பட உதவி தேவையில்லை. கட்டவிழ்க்கும் வேலை போயிற்று. பெயரும், அந்த மின்காந்தமும் தங்கிவிட்டன.

அந்தக் காந்தத்தை வைத்தே பிழைத்த தொழில் காண்டாக்டர் தொழில். பிரான்சில் தெலெமெக்கானிக் 1924-இல் தொடங்கியது. இந்தியாவில் இரண்டு டேனிஷ் இன்ஜினியர்கள் 1938-இல் தொடங்கிய எல் அண்ட் டி-யின் ஸ்டார்ட்டர் பெட்டி நம் பம்ப்செட் கொட்டகைகளில் எல்லாம் தொங்கியது. தெலெமெக்கானிக்கை 1988-இல் ஷ்னைடர் வாங்கியது. எல் அண்ட் டி-யின் அந்தப் பிரிவையும் 2020-இல் அதே ஷ்னைடர் வாங்கிவிட்டது. 1954-இல் கொடியிறக்கி அனுப்பிய பிரெஞ்சுக்காரர் ஸ்டார்ட்டர் வழியாகத் திரும்பியிருக்கிறார்!

பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் இழுக்கும். கூடவே ஒரு துணைத் தொடர்பு மூடிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரெண்ட் கொடுக்கும். சிவப்புப் பொத்தானும் ஓவர்லோட் ரிலேயின் தொடர்பும் அதே வழியில் வரிசையாக நிற்கின்றன. எது திறந்தாலும், லைன் கரெண்ட் போனாலும், காயில் விட்டுவிடும். மீண்டும் ஓட மனிதன் கை வந்தாக வேண்டும்.

விவசாயிகள் இதை விரும்பவில்லை. இரவில் எப்போது த்ரீ-ஃபேஸ் வரும் என்று யார் விழித்திருப்பது? ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். தண்ணீர் மோட்டாருக்கு அது நியாயமே. அதே வயரிங்கை ரம்பத்துக்குச் செய்தால் என்ன ஆகும்? கரெண்ட் போயிற்றென்று ஒருவர் பல் இடுக்கில் சிக்கிய கட்டையை எடுக்கிறார். அப்போது கரெண்ட் வருகிறது. விரல் போன தச்சர்களை நாம் பார்த்ததில்லையா?

நண்பர்கள் ஆள் வைத்து மாட்டும்போது சிலவற்றைக் கவனிக்கலாம். காயில் 230 வோல்ட்டா, 415-ஆ என்று பார்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஒன்று கருகும், மற்றது கடகடக்கும். ஓவர்லோட் முள்ளை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறதென்று ஏற்றி வைப்பது மோட்டாரைக் கொல்வது. எர்த் கம்பி மோட்டார் உடம்பு வரை போக வேண்டும். ரம்பத்தைத் தொடுமுன் சிவப்புப் பொத்தான் போதாது, மெயின் சுவிட்ச் இறங்கியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட விடுங்கள். மெயினை இறக்குங்கள். மோட்டார் நின்றதும் மறுபடி ஏற்றுங்கள். மோட்டார் சும்மா இருந்தால் வயரிங் சரி. தானே ஓடினால், வந்த எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.