காயத்தின் கனமும் கோலமும்: இலங்கையில் சிறுவர் துஷ்பிரயோக மருத்துவப் பரிசோதனை, 1883–2021

ஓப்பநாயக்கவைச் சூழ்ந்த தேயிலை, றப்பர் தோட்டங்களில் ஒரு பிள்ளை அடிபட்டால், தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து இரத்தினபுரி வைத்தியசாலை வரை பலர் அதைப் பார்ப்பார்கள். ஆனால் நீதிமன்றம் கேட்பது சட்ட வைத்திய அதிகாரியின் அபிப்பிராயத்தை. பொலிஸார் தரும் படிவத்தில் அவர் காயத்தைத் தரம் பிரிக்கிறார்: சாதாரணமானதா, பாரதூரமானதா, உயிருக்கு ஆபத்தானதா?

இந்தத் தரப்பிரிப்பின் வேர் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 311ஆம் பிரிவில் என்பு முறிவும் நிரந்தரமாகச் செவிப்புலன் போவதும் பாரதூரமான காயங்கள். கத்திக்குத்து வழக்குக்கு இந்த அளவுகோல் சரி. பிள்ளைகளிடத்தில் அது தலைகீழாகிறது. மரத்திலிருந்து விழுந்த சிறுவனின் கைமுறிவு பாரதூரமாகிறது. தவழவே தொடங்காத குழந்தையின் காதிலும் கழுத்திலும் உள்ள கண்டல்கள் சாதாரணமாகிவிடுகின்றன. மருத்துவரைத் திடுக்கிடவைக்க வேண்டியவை பின்னவைதான்.

காயத்தின் கனத்தைவிட அதன் கோலத்தைக் கவனிக்கும் இந்தப் பார்வை மருத்துவத்துக்கே தாமதமாகத்தான் வந்தது. பாரிசில் மருத்துவர் அம்புருவாஸ் தார்தியே பிள்ளைகள் கொடுமைப்படுத்தப்படுவதைப் பற்றி 1860இல் எழுதியதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1946இல் மருத்துவர் ஜோன் கஃபி ஆறு குழந்தைகளின் மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவும் கை கால் என்புகளில் முறிவுகளும் சேர்ந்திருப்பதைக் கண்டார். காரணத்தைத் துணிந்து சொல்லவில்லை. 1962இல் ஹென்றி கெம்பேயும் சகாக்களும்தான் சொன்னார்கள். சொல்லப்படும் கதைக்கும் காயத்துக்கும் பொருந்துகிறதா என்பதே அன்றிலிருந்து முதற்கேள்வி.

லயத்துக் குசினியை எடுத்துக்கொள்வோம். கொதிநீர்ப் பாத்திரம் தவறிக் கவிழ்ந்தால் நீர் மேலிருந்து வழியும். எரிகாயம் கீழே போகப்போக ஒடுங்கும், தெறிப்புகள் சிதறிக் கிடக்கும். காலைப் பிடித்து அமிழ்த்தினால் காலுறை போட்டது போல் ஒரே மட்டத்தில் கோடு விழும், இரு கால்களிலும். கண்டல்களிலோ, நிறத்தை வைத்து நாள் கணிக்கும் பழைய பழக்கம் இன்று நம்பத்தக்கதல்ல. கறுத்த தோலில் கண்டலே கண்ணுக்குத் தப்பலாம்.

சட்டமும் கோலத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது. 1939இன் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் கொடுமையைக் குற்றமாக்கிய அதே 71ஆம் பிரிவில் பெற்றோர், ஆசிரியரின் தண்டிக்கும் உரிமையையும் காப்பாற்றியது. 1995இல் சேர்ந்த 308A பிரிவு, 18 வயதுக்குட்பட்டவருக்குத் துன்பமோ உடல்நலக்கேடோ நேரக்கூடிய விதமான நடத்தையையே தண்டிக்கிறது. என்பு முறியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1998இன் சட்டப்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. காலியில் சிறுவர் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஹரேந்திர டி சில்வா அதன் முதல் தலைவர். சட்டத்தரணி ஒருவரல்ல, மருத்துவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது தற்செயலாகத் தெரியவில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகச் சாட்சியத்தில் சேர்க்க 1999இன் 32ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது.

ஆனாலும் கனத்தின் பிடி விடவில்லை. மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் அறைந்ததால் கேள்திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்த்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. செவிப்பறை ஆறியிருந்தால் வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

தோட்டங்களில் இன்னொரு சிக்கல். றப்பர் பால்வெட்டு விடியலில் தொடங்கிவிடும். பிள்ளை அப்பாயியிடமோ, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்திலோ இருக்கும். வைத்தியசாலையில் கதை சொல்லும் தாய், பல வேளை சம்பவத்தைக் கண்டவள் அல்ல. அவள் கதை காயத்தோடு பொருந்தாததைப் பொய் என்று எடுத்துக்கொள்வது பெரும் அநியாயம். சிறுவர் மருத்துவர், சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ், நன்னடத்தை அலுவலர் ஆகியோர் கூடும் கலந்தாய்வில், பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டி உடுத்தும் பிள்ளைமடுவ ஆயாவுக்கும் ஒரு கதிரை போட வேண்டும்.