எழுதுமேசையின் பின்பக்கம்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக் கந்தோர்களில் மேசைக்கு முன்னால் அமர்ந்து காலங்கழித்தவன் நான். ஆயினும் மேசையைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதில்லை. அண்மையில் கனடாவிலிருந்து திரும்பி, யாழ்ப்பாணத்தில் தமது பூர்வீக வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், அவ்வீட்டின் முன்னறைக்குப் பழைய எழுதுமேசை ஒன்று வேண்டுமென்றார். "அண்ணை, பழசுகளைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். என்னோடை ஒருக்கால் வாருங்கோ" என்று அழைத்தார். காலி வீதியோரத்துப் பழம்பொருட் கடைகளில் இருவரும் இரண்டு நாட்கள் ஏறி இறங்கினோம். அந்த அலைச்சலின் பயனே இக்கட்டுரை.

எழுதுமேசை நமது மரபுக்குப் புதியது. ஓலையில் எழுதியவர்களுக்கு மேசை தேவைப்படவில்லை. இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. எழுதுபவர் நிலத்திலோ திண்ணையிலோ அமர்ந்திருப்பார். காகிதமும் மைக்கூடும் இறகுப் பேனாவும் வந்த பின்னரே சமதளமான ஒரு பலகை இன்றியமையாததாயிற்று. இந்த வரலாற்றை ஏட்டில் தேட வேண்டியதில்லை. நாம் பேசும் சொற்களிலேயே அது படிந்து கிடக்கிறது. மேசை, கதிரை, அலுமாரி என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். மேசையிலுள்ள லாச்சியும், அம்மேசை கிடந்த கந்தோரும் ஒல்லாந்தரின் சொற்கள். மேசையைச் செய்யும் தச்சரைத் தென்னிலங்கையில் 'பாஸ்' என்று அழைக்கிறார்களே, அதுவும் ஒல்லாந்தச் சொல்லே.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது முதல் 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது வரை, கரையோர இலங்கையை ஆண்டது ஓர் அரசன் அல்லன். ஒரு வணிகக் கொம்பனி. கொம்பனி என்றால் கணக்கு. கணக்கு என்றால் எழுத்து. யாருடைய காணி எவ்வளவு, அதில் எத்தனை மரம், எவ்வளவு வரி என்பதையெல்லாம் தோம்புகளில் பதிந்து வைத்தார்கள். அத்தோம்புகளை எழுதவும், பூட்டி வைக்கவும் தளபாடங்கள் தேவைப்பட்டன. ஆட்சி செய்தவர்களின் வடிவமைப்பை உள்ளூர்த் தச்சர்கள் உள்ளூர் மரத்தில் செய்து கொடுத்தார்கள். கருங்காலி, முதிரை, நெதுன், கறுப்பும் பழுப்பும் கலந்து வரியோடிய கலமந்தர் ஆகியன அவர்களுக்குக் கைகொடுத்தன. கொழும்பு புறக்கோட்டையில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீ வசித்த மாளிகை, 1982இல் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அத்தளபாடங்களின் தரத்தை அங்கே கண்ணால் காணலாம். ஆர். எல். புரோகியர் இவை குறித்துத் தனி நூலே எழுதியிருக்கிறார்.

ஆங்கிலேயர் காலத்தில் எழுதுமேசையின் வடிவங்கள் பெருகின. சாய்ந்த மூடியும் பக்கவாட்டில் லாச்சிகளும் கொண்ட சிறு மேசை 'டேவன்போட்' எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரத்துக் கிலோஸ் நிறுவனம் கப்டன் டேவன்போட் என்பவருக்குச் செய்து கொடுத்த மேசையிலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்வர். இலங்கைத் தச்சர்கள் அதையும் கருங்காலியிலும் கலமந்தரிலும் செய்தார்கள். காலியில் முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டிகள் செய்யப்பட்டன. மொறட்டுவையோ ஊர் முழுவதும் தச்சுப் பட்டறையாயிற்று. எனவே, இன்று 'ஒல்லாந்தர் காலத்து மேசை' என்று கடைக்காரர் காட்டும் பலவும், 19ஆம் அல்லது 20ஆம் நூற்றாண்டில் மொறட்டுவையில் செய்யப்பட்டவையாக இருப்பதில் வியப்பில்லை. அவை இழிந்தவையல்ல, ஆனால் விலை வேறாக இருக்க வேண்டும்.

இதை எவ்வாறு கண்டறிவது? செய்தி ஒன்று வந்தால் அதன் தலைப்பை நம்பாதே, மூலத்தைத் தேடு என்பது எமது தொழிலின் முதற் பாடம். மேசைக்கும் அதுவே பொருந்தும். பளபளக்கும் மேற்பலகையை விட்டுவிடுங்கள். லாச்சியை முழுவதுமாக வெளியே இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், புறாவின் வாலைப்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். அப்பற்கள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் அது கைவேலை. எல்லாம் ஒரே அளவில் அச்சுப் பிசகாமல் இருந்தால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னர் வந்த இயந்திர வேலையாக இருக்கலாம்.

அடுத்து, பின்பலகையில் விரலால் தடவுங்கள். கைவாள் அறுத்த தடம் நேர்கோடுகளாகவும், வட்டவாள் அறுத்த தடம் பிறைபோல் வளைந்தும் தெரியும். வளைந்த தடமுள்ள பலகை ஒல்லாந்தர் காலத்ததாக இருப்பது அரிது. ஒட்டுப்பலகை இருந்தால் அது 20ஆம் நூற்றாண்டு வேலை, அல்லது பிந்திய திருத்தம். பழைய திருகாணிகளின் நுனி மொட்டையாக இருக்கும். கூரிய நுனியுள்ளவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பரவின. தலையில் சிலுவைக் குறியுள்ள திருகாணி 1930களில் வந்தது. ஓர் ஆணி மாற்றப்பட்டிருந்தால் குற்றமில்லை. அத்தனையும் புதியனவாக இருந்தால் ஐயுற வேண்டும். பித்தளைப் பிடிக்குப் பின்னால் பயனற்ற பழைய துளைகள் இருந்தால், பிடி மாற்றப்பட்டுள்ளது என்பது பொருள். மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு மேசைகளிலிருந்து வந்து ஒன்றாக்கப்பட்டவையும் உண்டு. இரண்டின் பின்பலகைகளையும் ஒப்பிட்டால் நிறத்திலும் தடிப்பிலும் வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

பூச்சித் துளைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். துளையின் வாயில் வெளிறிய புதுத்தூள் உதிர்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். இறுதியாக, ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து பாருங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 30 அங்குல உயரமும், முழங்கால் இடிபடாத இடைவெளியும் இல்லாத மேசை எவ்வளவு பழையதாயினும் எழுதுவதற்கு உதவாது. வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாகக் கொண்டது. அதற்கு முற்பட்ட பொருளை அனுமதிப்பத்திரமின்றி நாட்டிலிருந்து கொண்டு செல்ல முடியாது.

இவ்வளவையும் நண்பருக்கு விளக்கிக்கொண்டு இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு கடைக்குள் நுழைந்தோம். மூலையில் ஒரு முதிரை மேசை கிடந்தது. இருபுறமும் லாச்சிகள், கைவேலை, பின்பலகை மாற்றப்படவில்லை. லாச்சிகளைக் கவிழ்த்தபோது அடிப்பலகையில் பென்சிலால் 'வல', 'இட' என்று தமிழில் எழுதியிருந்தது. வலப்பக்க லாச்சியும் இடப்பக்க லாச்சியும் மாறிவிடாதிருக்கத் தச்சர் இட்ட குறி. கடைக்காரர் பெருமையுடன், "அது யாழ்ப்பாணத்துச் சாமான் ஐயா. தொண்ணூறுகளில் லொறியில் வந்தது" என்றார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்களுடன் எமது குடும்பமும் வெளியேறியது. கையில் எடுத்தவை துணிமூட்டையும் காணி உறுதிகளும். என் தந்தையாரின் எழுதுமேசை முன்னறையிலேயே நின்றது. மறு ஆண்டு திரும்பிச் சென்றபோது கதவுகளும் இல்லை, மேசையும் இல்லை. யார் கொண்டு சென்றார்கள் என்பதை நான் அறியேன். அடுப்புக்குப் போயிற்றா, பதுங்குகுழிக்குக் கூரையாயிற்றா, லொறியில் ஏறிற்றா என்பதையும் அறியேன்.

அந்தக் கடையில், நண்பருக்காக வந்தவன் என்பதை மறந்து, வலப்பக்க லாச்சியில் மைக்கறை இருக்கிறதா, மேற்பலகையில் மண்ணெண்ணெய் விளக்குச் சுட்ட வட்டம் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டும் இல்லை. அது எங்களுடையதன்று. ஆனால் யாரோ ஒருவருடையது.

நண்பர் அதை வாங்க விரும்பினார். "ஊருக்குத்தானே அண்ணை திரும்பப் போகுது. நாங்கள் விட்டால் ஏதாவது ஹோட்டல்காரன் வாங்கிப்போடுவான்" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. அது விரும்பி விற்கப்பட்டதாகவும் இருக்கலாம். பஞ்சத்தில் தளபாடம் விற்ற குடும்பங்கள் எத்தனையோ. ஆயினும், யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்று கேட்டபோது கடைக்காரரிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்புவது வேறு, உரியவரின் வீட்டுக்குத் திரும்புவது வேறு என்றேன். மரமும் மூட்டும் ஆணியும் தம் வயதைச் சொல்லும். உடையவரின் பெயரைச் சொல்லமாட்டா. அதை விற்பவரிடம் கேட்பது வாங்குபவரின் கடமை.

நண்பர் அன்று பேசாமல் வந்தார். ஒரு மாதத்தின் பின்னர், மொறட்டுவையில் ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவரின் வீட்டில் பலா மரத்து மேசை ஒன்றை வாங்கினார். 1950களில் செய்யப்பட்டது, அரும்பொருள் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் செய்தது, யாருக்கு, ஏன் விற்கிறார்கள் என்பதை அக்குடும்பத்தினரே தேநீர் தந்து சொன்னார்கள். முதிரை மேசையை விட்டு வந்தது சரியா என்று அவர் இன்றும் என்னிடம் கேட்பதுண்டு. உறுதியான பதில் என்னிடமும் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய மேசை இருந்தால், அது யாருடையது, எங்கே செய்யப்பட்டது, எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி, லாச்சியின் அடிப்பலகையில் ஒட்டிவையுங்கள். நான் இப்போது எழுதும் சாதாரண தேக்கு மேசைக்கும் அவ்வாறு செய்துவிட்டேன். என் தந்தையாரின் மேசையில் அப்படி எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை.