கறுப்பர் நகரத்தின் மூன்று பெயர்வுகள்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக்கிக் காட்டுகின்றது. இரண்டிற்கும் இடையிலுள்ள சோலையில் நாளங்காடி நிகழ்கின்றது. மருவூர்ப்பாக்கத்தைப் பாடுமிடத்து இளங்கோவடிகள் மீன் விற்போர், உப்பு விற்போர், பிட்டு விற்போர், தச்சர், கொல்லர், தையற்காரர் என ஒவ்வொருவரையும் நிரல்பட நிறுத்துகின்றார்; யவனரின் குடியிருப்பையும் மறவாது சுட்டுகின்றார். அத்தெருக்கள் இன்றில்லை. அங்கே யார் வாழ்ந்தனர், என்ன விற்றனர் என்பதை நாம் அறிவது பெரிதும் ஒரு கவிஞர் அவர்களை எண்ணி வைத்ததனால்தான்.

நம் காலத்தில் அவ்வாறு எண்ணி வைக்கப்பட வேண்டிய ஒரு பழம்பகுதி சென்னையின் நடுவே உண்டு. ஆங்கிலேயர் ‘கறுப்பர் நகரம்’ என்றழைத்து, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1906இல் வந்து சென்றதையொட்டி ‘ஜார்ஜ் டவுன்’ எனப் பெயர் மாற்றிய பகுதி அது. முத்தியாலுப்பேட்டை, பெத்துநாய்க்கன்பேட்டை என்னும் இரு பேட்டைகளும், அவற்றிற்கிடையே கிடந்த பள்ளநிலமும் சேர்ந்தமைந்தது. அப்பள்ளத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் போஃபம் என்னும் ஆங்கிலேயர் தூர்த்துச் சாலையாக்கினார், அதுவே பிராட்வே. அச்சாலையின் ஓரத்தில் ஓர் அங்காடியும் எழுந்தது. இரு பாக்கமும் இடையில் அங்காடியுமாக, புகாரின் அமைப்பு இங்கு மீண்டும் தோன்றியமை வியப்பிற்குரியது.

இப்பகுதியினின்று பலவும் பெயர்ந்து சென்றுள்ளன. அவற்றுள் மூவகைப் பெயர்வுகளை மட்டும் இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். இடிக்கப்படுவதனால் மட்டுமே ஓர் ஊரின் நினைவு அழிந்துவிடுவதில்லை. பெயர்வோர் எதனை உடன்கொண்டு செல்ல இடமளிக்கப்படுகின்றனர் என்பதே அதன் நினைவை நிலைநிறுத்துகின்றது அல்லது அழிக்கின்றது என்பது இவ்வொப்பீட்டால் புலப்படும்.

கோயிலோடு பெயர்ந்த ஊர்

இன்றைய ஜார்ஜ் டவுன் பழைய கறுப்பர் நகரம் அன்று. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நிலம் பெற்றுக் கோட்டை கட்டிய காலந்தொட்டு, கோட்டையின் வடமதிலை ஒட்டி, இன்று உயர்நீதிமன்றம் நிற்குமிடத்தில், நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் வாழ்ந்த ஊரே முதற் கறுப்பர் நகரம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது கோட்டையை அடுத்த வீடுகளை இடித்தனர். 1749இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரும் அவ்வழியையே பின்பற்றினர். பகைவர் மறைந்து சுடுவதற்கு வீடுகள் இடந்தருகின்றன என்பது அவர்தம் அச்சம். 1758 டிசம்பரில் லாலி தொடங்கிய முற்றுகை அவ்வச்சத்தை உறுதி செய்தது. ஊர் முற்றும் அகற்றப்பட்டு வெட்டவெளி உருவாயிற்று. அவ்வெளியின் எல்லையைக் காட்ட 1773இல் நடப்பெற்ற ஆறு தூண்களுள் ஒன்று இன்றும் பாரிமுனையில், டேர் இல்ல வளாகத்தில் நிற்கின்றது.

அவ்வூரின் நடுவே சென்னகேசவர்க்கும் சென்னமல்லீசுவரர்க்கும் உரிய பெருங்கோயில் இருந்தது. 1757 அளவில் அதுவும் இடிபட்டது. எனினும், ஊரார் வாளாவிருந்தாரல்லர். மாற்றிடம் வேண்டிப் பெற்றனர். 1760களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் பெருங்கொடையாலும் ஊர்மக்கள் திரட்டிய பொருளாலும் பூக்கடைப் பகுதியில் இரட்டைக் கோயில்கள் எழலாயின. தெய்வம் பெயர்ந்தபோது தொழில் பெயர்ந்தது. தொழிலோடு குடும்பங்களும் பெயர்ந்தன. ‘பட்டணம் கோயில்’ என்னும் வழக்கும் உடன் வந்தது. புதிய ஊர் பழைய ஊரின் தொடர்ச்சியாகவே தன்னைக் கருதிக்கொண்டது.

இதனைப் பொற்காலமெனக் கொள்ளுதல் பிழையாகும். உடன்வந்தவற்றுள் சாதி வேலிகளும் அடங்கும். வலங்கை, இடங்கைப் பிரிவினர் 1652இலும் 1707இலும் இந்நகரில் கடுமையாக மோதிக்கொண்டனர். எத்தெருவில் எவர் குடியிருத்தல் வேண்டும், எவ்வழியே ஊர்வலம் செல்லல் வேண்டும் என்று கம்பெனியாரே எல்லை வகுக்க நேர்ந்தது. மாற்றுக்கோயில் கேட்டுப் பெற்றோர் செல்வமும் செல்வாக்கும் உடையோர் என்பதையும் மறத்தலாகாது. குடிசைகளில் வாழ்ந்தோர் எங்குச் சென்றனர், எதனைக் கேட்டனர் என்பது குறித்து ஆவணங்கள் பேசுவது மிகக் குறைவு.

தெருப்பெயர் என்னும் ஏடு

புதிய நகரம் தன் நினைவுகளைத் தெருப்பெயர்களில் பொதிந்து வைத்தது. ஆர்மேனியர் வாழ்ந்த தெரு தமிழர் நாவில் ‘அரண்மனைக்காரத் தெரு’ ஆயிற்று. அங்கே அரண்மனை ஏதுமில்லை. 1772இல் கட்டப்பெற்ற ஆர்மேனியத் தேவாலயமே உண்டு. உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்தது இச்சென்னையில்தான். அதனை நடத்திய பாதிரியார் அத்தேவாலய வளாகத்தில் துயில்கின்றார். பவளம் கொணர்ந்து வைரம் கொண்டு சென்ற யூத வணிகரைப் பவளக்காரத் தெரு நினைவூட்டுகின்றது. புதிய ஊரைச் சூழ மதில் எழுப்பிய கம்பெனியார், அதன் செலவிற்காக மக்கள்மீது வரி விதிக்க எண்ணினர். அவ்வரி தண்டப்படவேயில்லை, ஆயினும் ‘வால்டாக்ஸ் சாலை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கோட்டைக்குக் குடிநீர் வழங்க 1772இல் தோண்டிய கிணறுகளின் பெயரால் ஏழுகிணறு அமைந்தது.

அந்த ஏழுகிணற்றுப் பகுதியின் வீராசாமிப் பிள்ளைத் தெருவில்தான் இராமலிங்க அடிகள் தம் இளமையைக் கழித்தார். கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணிமாலை, வணிகரும் சுமையாளரும் நெருங்கிய இத்தெருக்களின் நடுவே பிறந்த நூல் என்பதை அதனைப் பயில்வோர் கருதிப் பார்த்தல் நன்று. ஆறுமுக நாவலரின் அச்சகம் செயற்பட்ட தங்கசாலைத் தெருவும் இப்பகுதியதே. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் ஒரு பெரும்பகுதி இந்த ஒன்றிரண்டு கல் தொலைவிற்குள் அடங்கும்.

தொழில் மட்டும் பெயர்ந்தபோது

20ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தவை வேறு வகையின. பரிதிமாற் கலைஞரும் மறைமலையடிகளும் தமிழ் கற்பித்த கிறித்துவக் கல்லூரி, 1937இல் பாரிமுனைப் பகுதியைவிட்டுத் தாம்பரம் சென்றது. பச்சையப்பன் கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. கிரேக்கக் கோயிலின் சாயலில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பச்சையப்பன் மண்டபம் மட்டும் கடைகளின் பின்னே நின்றுவிட்டது. கல்லூரிகட்கு இடம் போதவில்லை என்பது உண்மையே. ஆயினும், மாணவரும் ஆசிரியரும் அகன்றபின் அத்தெருக்களில் தமிழ்ப் புலமை நாள்தோறும் நடமாடும் வாய்ப்பும் அகன்றது.

போஃபம் பிராட்வே அங்காடியின் நெரிசலும் தூய்மைக்குறைவும் பொறாது, அங்கிருந்த வணிகர்க்கென 1898இல் அடிக்கல் நாட்டி எழுப்பப்பட்டது மூர் மார்க்கெட். பழைய நூல்களுக்காகத் தமிழ்ப் புலவர் பலரும் அதன் படிகளில் நின்றதுண்டு. 1985 மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் புறநகர்த் தொடர்வண்டி வளாகம் எழுந்தது. வணிகர்க்கு அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் கிடைத்தன. கிடைக்கவில்லை என்று எவரும் கூறவியலாது. ஆனால் வழிப்போக்கராய் வந்து நூலைப் புரட்டிப் பார்த்தோர் அங்கு வரவில்லை. பழைய புத்தகக் கடை கடைக்காரரால் மட்டும் இயங்குவதன்று. வாங்கும் எண்ணமின்றி வருவோராலும் அது வாழ்கின்றது.

1996இல் கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வணிகம் கோயம்பேட்டிற்குச் சென்றது. குறுகிய தெருக்களில் சரக்குந்துகள் திணறியதும், அழுகிய கழிவு மலையெனக் குவிந்ததும் மெய். கோயம்பேட்டின் விரிந்த வெளி வணிகர்க்கு நன்மையே செய்தது. ஆயினும் சாவடி என்பது வணிகர் மட்டுமன்று. மூட்டை சுமப்போர், கைவண்டி இழுப்போர், சிந்திய காய்களைப் பொறுக்கிக் கூறுகட்டி விற்ற மூதாட்டியர், விடியற்காலையில் கஞ்சியும் ஆப்பமும் விற்றோர் ஆகிய பலரும் சேர்ந்ததே சாவடி. இவர்களுள் பலர் அப்பகுதியிலேயே, நடைபாதையிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் வாழ்ந்தவர். கடைக்கு உரிமைச் சீட்டு உண்டு. சுமைக்கு ஏது சீட்டு? எங்கள் தெருவில் காய்கறிக்கடை வைத்திருந்த முதியவர் ஒருவர், கோயம்பேட்டிலிருந்து கொள்முதல் செய்யத் தொடங்கிய பின்னும் பல்லாண்டுகள் ‘சாவடிச் சரக்கு’ என்றே கூறி விற்றார். தொழில் சென்றது, சொல் மட்டும் பின்தங்கி நின்றது. காவல் அதிகாரியைக் குறிக்கும் ‘கொத்தவால்’ என்னும் பாரசீகச் சொல்லும் ‘சாவடி’யும் இணைந்த அப்பெயர், இன்று சில்லறை வணிகம் நடக்கும் தெருக்களின்மீது பழம்பொருளாய்த் தங்கியுள்ளது.

மக்கள் மட்டும் பெயர்ந்தபோது

மூன்றாவது வகை நம் கண்முன் நிகழ்வது. ஜார்ஜ் டவுனின் தென்னெல்லையில், சென்ட்ரல் நிலையத்தை அடுத்துக் கூவம் கரையில் இருந்தது சத்தியவாணி முத்து நகர். பூக்கடையிலும் பாரிமுனையிலும் உழைத்தோர்க்கு நடந்து வரத்தக்க தொலைவு அது. கூவம் சீரமைப்பின் பொருட்டு, 2019ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி அக்குடும்பங்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. பள்ளி நடக்கும் காலத்திலேயே வீடுகள் அகற்றப்பட்டமையால் பிள்ளைகளின் படிப்பு இடையற்றது.

கதவும் கழிப்பிடமும் உடைய வீடு கிடைத்ததைச் சிறுமைப்படுத்துதல் அறமாகாது. ஆனால் 18ஆம் நூற்றாண்டு வணிகர்க்குக் கம்பெனியார் மாற்றுக்கோயிலுக்கு இடமளித்ததை இதனோடு ஒப்பிடுக. அன்று ஊர் சில நூறு கோல் தொலைவே நகர்ந்தது. தொழிலும் உறவும் அறுபடவில்லை. இன்று எட்டு அடுக்கு மாடிகளில் ‘பிளாக்’ எண்ணும் கதவு எண்ணுமே முகவரி. அரண்மனைக்காரத் தெருவைப் போல ஒரு பெயர் நாவில் உருண்டு திரண்டு வருவதற்கு வேண்டிய பொழுதும் உரிமையும் அம்மக்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் இவ்வாறே நகரின் உட்பகுதியினின்று பெயர்க்கப்பட்டோர் வாழும் மற்றொரு குடியிருப்பிற்குக் கண்ணகி நகர் எனப் பெயரிட்டுள்ளனர். மன்னனிடம் வழக்குரைத்தவளின் பெயர் அங்கே உள்ளது. வழக்குரைக்கும் வாய்ப்பு அங்குள்ளோர்க்கு எத்துணை கிட்டியது என்பதை நாம் கேட்டல் வேண்டும்.

வட்டம் செய்யத்தக்கது

2019இல் மண்ணடியிலும் உயர்நீதிமன்றத்தருகிலும் மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டன. பிராட்வே பேருந்து நிலையத்தை இடித்துப் பன்முகப் போக்குவரத்து வளாகம் எழுப்பும் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. மாற்றத்தை மறுப்பது நம் நோக்கமன்று. அப்பகுதி இருமுறை பிறந்தது என்பதைக் கண்டோம். கட்டடக்கலை அறிஞர் தூண்களையும் வளைவுகளையும் பட்டியலிட்டு வருகின்றனர்; அப்பணி போற்றத்தக்கது. ஆனால் அப்பட்டியலில் கைவண்டிக்காரருக்கு இடமில்லை. அவ்விடத்தை அளிக்கத்தக்கவர் மொழியை ஆள்வோரே.

பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில், நம் வட்டத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். மாதம் ஒரு தெருவெனக் கொண்டு, அங்கே நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்தோரைக் கண்டு பேசுவோம். புத்தகக் கட்டுநர், அச்சுக்கோத்தோர், காகித வணிகர், பூத்தொடுப்போர், மூட்டை சுமப்போர் ஆகியோரின் தொழிற்சொற்களையும், எடைக்கும் விலைக்கும் அவர்கள் கைக்கொண்ட மறைமொழிகளையும், கடைக்கு அவர்கள் இட்ட பட்டப்பெயர்களையும் எழுதி வைப்போம். பேசியவரின் இசைவு பெற்று, அவர் சொன்னவாறே எழுதுவோம். பெரும்பாக்கத்திற்கும் கண்ணகி நகருக்கும் சென்று, பழைய தெருவைப் பற்றியும் புதிய மாடியைப் பற்றியும் கேட்போம். கவிதை எழுதுவோர் அதன்பின் எழுதட்டும். முதலில் பெயர்கள் வேண்டும். மருவூர்ப்பாக்கத்தைப் பாடிய அடிகளும் அவற்றையே வரிசைப்படுத்தினார்.