நானுஓயாவுக்கு வந்த இரும்பும் மலைநாட்டின் இரும்பும்

1885ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. பெருந்தோட்ட விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல இடப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்கள் கடல் கடந்து வந்தவை. மலைநாட்டின் தொழில் வரலாறு இத்தண்டவாளங்களோடுதான் தொடங்குகின்றது என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இரும்பின் வரலாறு இதனை மறுக்கின்றது.

மத்திய மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவவில், நீர்மின் திட்டத்தை முன்னிட்டு நிகழ்ந்த தொல்லியலாய்வு மேற்கு நோக்கிய சரிவுகளிலே இரும்புருக்கும் உலைகளை வெளிப்படுத்தியது. கில் ஜூலெவ் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய இவ்வுலைகளுக்குத் துருத்தி தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றை ஊதியது. 1994இல் அமைத்துப் பார்த்த மாதிரியுலைகள் இதனை மெய்ப்பித்தன.

மரபுவழி உலைகளிலே இரும்பு பெரும்பாலும் உருகுவதில்லை. அது உருக 1538 பாகை செல்சியசு வேண்டும். அதற்குக் கீழேயே கரிவாயு தாதுவின் ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, எஞ்சுவது கடற்பஞ்சு போன்று துளைகள் நிறைந்த இரும்பு. துளைகளிலே கசடு தங்கும். செஞ்சூட்டில் அடித்து அதனை வெளியேற்றுவதே கொல்லனின் உழைப்பு. அவ்விரும்பை மரத்துண்டுகளோடு களிமண் மூசையில் அடைத்துச் சூடாக்கினால், கரியேற்று உருக்காகும்.

ஆனந்த குமாரசுவாமி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலாங்கொடைப் பகுதியிலே இத்தொழிலின் கடைசிக் கைவினைஞரைக் கண்டு பதிவுசெய்தார். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குக் குறும்பாதை ஓடத் தொடங்கிய காலமும் அதுவே. மலிவான இறக்குமதி இரும்பு சந்தையைக் கைப்பற்றியிருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரசுடைமையாக்கியிருந்தது. கரியின்றி உலையில்லை. சிங்களக் கைவினைஞரின் தொழிலை நலிவித்த அதே பொருளாதாரந்தான் தமிழ்த் தொழிலாளரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இன்றைய தூள் உலோகவியல், உலோகத்தூளை அழுத்தி, உருகுநிலைக்குக் கீழே சூடாக்கி, துணிக்கைகளை ஒன்றோடொன்று பற்றவைக்கின்றது. எண்ணெய் தேக்கும் தாங்கிகள், வடிகட்டிகள் போன்ற பாகங்களிலே துளைகளை வேண்டிய அளவு நிலைநிறுத்துகின்றது. அன்று போக்க முயன்ற துளை இன்று வேண்டி ஆக்கப்படுகின்றது; உருகாமலே உலோகம் இணையும் என்ற அடிப்படை ஒன்றே. எழுத்தறிவின் துணையின்றியே தலைமுறைகள் காத்த இவ்வறிவை அறிவியல் வரலாற்றில் இடம்பெறச் செய்வது, உழைப்போரை வெறும் கைகளாகக் காணும் பார்வையை மாற்றுவதற்கான முதற்படியாகும்.