முடிவு தெரிந்த பெண்

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய அசௌகரியம் உண்டு. துப்பறியும் கதைக்காரர் கடைசி அத்தியாயம் வரையில் கொலைகாரனை ஒளித்து வைத்துக்கொள்ளலாம். சரித்திரக் கதைக்காரனால் அது முடியாது. அவனுடைய கதாநாயகன் எந்த வருஷம், எந்த ஊரில், எப்படிச் செத்தான் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் ஜனங்கள் சரித்திரக் கதைகளை விரும்பித்தான் படிக்கிறார்கள். கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைக் கடைவீதிக்குப் புறப்படும்போது, என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டேதான் நாமும் கூடப் போகிறோம். "போகாதே!" என்று சொல்ல நமக்கு வாய் துடிக்கிறது. சொல்லித்தான் என்ன பயன்? அவன் காதில் விழவா போகிறது?

அந்தப் "போகாதே"யை அவன் காதில் விழும்படி சொல்லக்கூடிய ஒருவரைக் கதைக்குள்ளேயே அனுப்பி வைத்தால் என்ன ஆகும்? காலப் பிரயாணக் கதைகளில் மேலானவை எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான். யந்திரம், மந்திரம், தாயத்து, கதவு, கடிகாரம் என்பவையெல்லாம் வண்டி மாதிரி. வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஊர் போய்ச் சேர மாட்டோம்.

இந்தக் கதைகளுக்கு ஒரு வமிசாவளி இருக்கிறது. 1889-ல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தம் காலத்துத் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவனை ஆர்தர் மன்னரின் சபையில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்குச் சூரிய கிரகணம் என்பது அவனுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு துளி அறிவை வைத்துக்கொண்டு அவன் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டதோடு, நாட்டையே கைக்குள் போட்டுக்கொண்டுவிடுகிறான். 1895-ல் எச். ஜி. வெல்ஸ் காலத்தில் பிரயாணம் செய்ய ஒரு யந்திரத்தையே செய்து கொடுத்தார். 1906-ல் ஈ. நெஸ்பிட் என்ற அம்மையார் இந்த வித்தையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தார். லண்டனில் உள்ள நாலு பிள்ளைகள், பாதித் தாயத்து ஒன்றை வைத்துக்கொண்டு எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போய் வருகிறார்கள். ஜூலியஸ் சீசரைச் சந்தித்து, தங்கள் நாட்டின் பெருமையை அளக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் அவன் பிரிட்டன்மேல் படையெடுக்கத் தீர்மானித்தானாம்! பழைய எகிப்து, பாபிலோன் பற்றிய விவரங்களுக்காக அம்மையார் பிரிட்டிஷ் மியூஸியத்துப் பண்டிதர் வாலிஸ் பட்ஜிடம் போய்ப் பாடம் கேட்டார். புத்தகத்தை அவருக்கே சமர்ப்பணமும் செய்தார். சிரிக்க வைக்கும் கதைக்கும் இத்தனை சிரத்தை தேவைப்பட்டிருக்கிறது.

அதே 1906-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று வெளியே வந்தாள் ஒரு பண்ணை வீட்டுப் பெண். பிற்காலத்தில் ஆலிஸன் அட்லி என்று பெயர் பெற்றவர் அவர்தான். இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்ற மலைப்பாங்கான ஜில்லாவில், குரோம்ஃபோர்டு என்ற ஊருக்கு அருகில் 1884-ல் பிறந்தவர். முயல், அணில் கதைகளை எழுதிச் சின்னக் குழந்தைகளின் அபிமானத்தைப் பெற்ற இந்த அம்மையார், 1939-ல் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக 'எ டிராவலர் இன் டைம்' என்ற நாவலை வெளியிட்டார். அவர் பிறந்த பண்ணைக்கு மலைச்சரிவின் அந்தப் புறத்தில்தான் டெத்திக் என்ற கிராமம். அங்கே ஒரு காலத்தில் வாழ்ந்த பாபிங்டன் குடும்பத்தின் கதையைக் கேட்டே அவர் வளர்ந்தார். நாவலில் வரும் பல சம்பவங்கள் தம்முடைய கனவுகளிலிருந்து வந்தவை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். பௌதிகம் படித்தவர், காலத்தைக் கடக்க யந்திரம் எதையும் நாடவில்லை. கனவையும் ஒரு கதவையும்தான் நம்பினார் என்பது ரஸமான விஷயம்.

லண்டனிலிருந்து, உடம்பு தேறுவதற்காக, அக்காளோடும் அண்ணனோடும் உறவினரின் பண்ணை வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள் பெனலப்பி. ஒரு நாள் மாடியில் ஒரு கதவைத் திறக்கிறாள். உள்ளே பழைய காலத்து உடையில் சில சீமாட்டிகள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அது எலிசபெத் ராணியின் காலம். வீடு அதே வீடுதான். எஜமானன் மட்டும் ஆண்டனி பாபிங்டன். சிறைப்பட்டிருக்கும் ஸ்காட்லாந்து ராணி மேரியிடம் பக்தி கொண்ட இளைஞன். அருகிலுள்ள விங்ஃபீல்டு மாளிகைக்கு ராணி கொண்டுவரப்படும்போது, சுரங்கப் பாதை வழியாக அவளைத் தப்புவிக்க அவன் ரகசியமாக ஏற்பாடு செய்கிறான். வீட்டில் எல்லார் முகத்திலும் நம்பிக்கை ஒளி வீசுகிறது.

பெனலப்பிக்கு மட்டும் முடிவு தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்தவள்.

தனக்குத் தெரிந்ததை அவள் சொல்லியும் பார்க்கிறாள். கேட்டவர்கள் திடுக்கிடுகிறார்கள், வருத்தப்படுகிறார்கள்; ஆனால் மண் தோண்டுவதை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்கள்? நாளைக்குத் தோற்கப் போகிறோம் என்று ஒரு சிறுமி சொன்னதற்காக எவனாவது தன் விசுவாசத்தைக் கைவிடுவானா? ட்வைனின் மேஸ்திரிக்கு வருங்காலம் தெரிந்திருந்தது ஒரு பலம். பெனலப்பிக்கு அதுவே பெரிய பாரம். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அவர்களோடு இருந்தாள், அவர்களை நேசித்தாள். சமையலறையில் மூலிகை மணத்துக்கு நடுவே வேலை செய்தாள். ஆண்டனியின் தம்பியோடு குதிரையேறிச் சுற்றினாள். அத்தனை பேரும் அவள் பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்பே மண்ணாகிப் போனவர்கள்.

இனி, நிஜமாக நடந்தது என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். மேரி ராணி 1568-ல் இங்கிலாந்தில் அடைக்கலம் தேடி வந்தாள். கிடைத்தது சுமார் 19 வருஷச் சிறைவாசம். பாபிங்டன் 1561-ல் பிறந்தவன். சிறுவனாக இருந்தபோது, ராணியைக் காவல் காத்த ஷ்ரூஸ்பரி பிரபுவின் வீட்டில் ஏவலாளாக இருந்தவன். 1586-ல் ஒரு பெரிய சதியில் இறங்கினான். சார்ட்லி மாளிகையில் இருந்த ராணிக்கு, பீர் பீப்பாய்க்குள் மறைத்து, சங்கேத எழுத்தில் கடிதங்கள் போய் வந்தன. அந்தப் பீப்பாய் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்ததே எலிசபெத்தின் மந்திரி வால்ஸிங்ஹாம்தான் என்பது பாவம், ராணிக்கும் தெரியாது, பாபிங்டனுக்கும் தெரியாது. மந்திரியின் ஆளான தாமஸ் ஃபெலிப்ஸ் ஒவ்வொரு கடிதத்தையும் படித்தான். ஜூலை 17-ந் தேதி ராணி எழுதிய பதில் கைக்குக் கிடைத்ததும், அதன் நகலின்மேல் ஒரு தூக்குமரத்தை வரைந்து அனுப்பினான். சதிகாரர்களின் பெயர்களைக் கேட்டுப் பொய்யாக ஒரு பின்குறிப்பும் கடிதத்தில் சேர்க்கப்பட்டது. செப்டம்பர் 20-ந் தேதி பாபிங்டனும் வேறு ஆறு பேரும் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். அப்போது அவனுக்கு 24 வயது. 1587 பிப்ரவரி 8-ந் தேதி ஃபாதரிங்கே கோட்டையில் ராணியின் தலை வெட்டப்பட்டது.

இங்கேதான் விமரிசகனுக்கு வேலை வருகிறது. பாபிங்டன் ராணிக்கு எழுதிய கடிதத்தில் அவளைத் தப்புவிப்பது மட்டும் இல்லை. எலிசபெத்தை ஆறு பேர் கொன்றுவிடுவார்கள் என்பதும் இருந்தது. அந்நியப் படையெடுப்பும் திட்டத்தில் உண்டு. நாவலோ அந்த வருஷத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. நாம் பார்க்கும் பாபிங்டன் சுரங்கம் தோண்டும் சாதுவான இளைஞன். ஒரு கொலைக்கு உடன்பட்டவன் அல்ல. பன்னிரண்டு வயதுப் பெண் இந்தப் புத்தகத்தைப் படித்துக் கண்ணீர் விட்டால், அந்தக் கண்ணீரில் பாதி, ஆசிரியர் சொல்லாமல் விட்டதனால் வந்தது என்று ஒருவர் வாதாடலாம். வாதம் நியாயமானதுதான். இந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் அதைக் குறிப்பிடாமல் போனால் வாசகருக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவார்கள்.

ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகப் புத்தகத்தைத் தள்ளிவிடலாமா? கூடாது என்பது என் அபிப்பிராயம். பெனலப்பி ராஜாங்க தஸ்தாவேஜுகளைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது ஒரு வீட்டை, அதுவும் பெரும்பாலும் அடுப்பங்கரையிலிருந்து. சதிகாரனுக்கும் ஒரு வீடு உண்டு. அங்கே அவனுக்காகக் கவலைப்படும் மனைவி உண்டு, தம்பி உண்டு, ரொட்டி சுடும் கிழவி உண்டு. வழக்கு விசாரணைக் குறிப்பில் இவர்களுக்கு இடம் இல்லை. சரித்திரம் குற்றத்தைச் சொல்கிறது. நாவல் வீட்டைச் சொல்கிறது. வளரும் பிள்ளைக்கு இரண்டும் தெரிய வேண்டும். ஒன்றைப் படித்தவளை மற்றொன்றிடம் அனுப்பி வைப்பதுதான் மதிப்புரையின் உத்தியோகம்.

இன்னும் ஒன்று. இந்த நாவல் வெளியான 1939-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில்தான், யுத்த பயத்தினால் லண்டன் குழந்தைகள் ஆயிரமாயிரமாக ரயிலேற்றப்பட்டு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெனலப்பியைப் போலவே முன்பின் பழகாத வீடுகளில் போய் இறங்கினார்கள். அவர்களுக்கு முடிவு தெரியாது. ஆசிரியர் அதை உத்தேசித்து எழுதவில்லை. ஆனாலும் ஆபத்து சூழ்ந்த வீட்டிலும் மாவு பிசைவார்கள், பாட்டுப் பாடுவார்கள் என்று சொல்லும் கதை அந்தக் காலத்துக்குப் பொருந்தத்தான் பொருந்தியது.

பின்னால் வந்தவர்கள் அட்லி அம்மையாரின் கேள்வியை மேலும் கடுமையாக்கினார்கள். 1979-ல் வெளிவந்தது ஆக்டேவியா பட்லர் எழுதிய 'கிண்ட்ரெட்'. பெரியவர்களுக்காக எழுதப்பட்டாலும் அமெரிக்கப் பள்ளிகளில் இளைஞர்கள் படிக்கும் நாவல் இது. 1976-ம் வருஷத்துக் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமை முறை நிலவிய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே அடிமைகளை வைத்திருக்கும் ஒரு வெள்ளையனை அவள் திரும்பத் திரும்பச் சாவிலிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவன் செத்தால் அவளுடைய வமிசமே இல்லை! 1988-ல் ஜேன் யோலன் எழுதிய 'தி டெவில்ஸ் அரித்மெடிக்' நாவலில், பண்டிகை இரவில் பெரியவர்கள் பழங்கதை பேசுவதைக் கேட்டு அலுத்துப்போன யூதச் சிறுமி, கதவைத் திறந்ததும் 1942-ம் வருஷத்துப் போலந்தில் நிற்கிறாள். வண்டிகள் எங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரியும். சொல்கிறாள், நம்புவார் இல்லை. முடிவை இங்கே நான் சொல்லப் போவதில்லை. படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே, இத்தகைய புத்தகம் ஒன்று கைக்கு வந்தால், காலத்தைக் கடந்த வித்தை நம்பும்படியாக இருக்கிறதா என்று அதிக நேரம் ஆராய வேண்டாம். மூன்று விஷயங்களைக் கேட்டால் போதும். அந்தக் காலத்து மனிதர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே இருக்கிறார்களா, அல்லது வேஷம் கட்டிய நம்மவர்களா? போய் வந்த குழந்தைக்கு அதனால் ஏதாவது நஷ்டம் உண்டா, அல்லது பொருட்காட்சி பார்த்த மாதிரி திரும்பிவிட்டதா? ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார், ஏன் விட்டார்? கடைசிக் கேள்விக்குப் பதில் தேடச் சரித்திரப் புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டும். கதை படித்து முடித்த பிள்ளை, தானாகவே எழுந்து போய் அந்தச் சரித்திரப் புத்தகத்தைத் தேடி எடுக்கிறதென்றால், அந்த நாவலுக்கு அதைவிட நல்ல மதிப்புரையை வேறு யாரும் எழுதிவிட முடியாது.