நியாயவிலைக் கடைகளும் ஊட்டச்சத்தும் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை (பேச்சுவழக்கில் ரேஷன் கடை) என்பது அரசின் பொது வினியோகத் திட்டத்தின்கீழ் அரிசி, கோதுமை, சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில், மண்ணெண்ணெய் முதலியவற்றைக் குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கும் சில்லறை விற்பனை நிலையம் ஆகும். மாநிலத்தில் 34,000-க்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகள் இயங்குகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. பெரும்பாலான குடும்பங்களுக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ளதால், சத்துள்ள உணவு மக்களைச் சென்றடைவதில் இக்கடைகளுக்கும், தெருவோர மளிகைக் கடை, பெட்டிக்கடை ஆகியவற்றுக்கும் முக்கிய பங்கு உண்டு.

பின்னணி

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1997 ஆம் ஆண்டு நடுவண் அரசு, வறுமைக் கோட்டின் அடிப்படையில் பயனாளிகளைப் பிரிக்கும் இலக்குசார் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அனைவருக்குமான வினியோக முறையைத் தொடர்ந்தது. 2008 செப்டம்பர் 15 முதல் ஒரு கிலோ அரிசி 1 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013) தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டம் பசியைக் குறைத்த போதிலும் சத்துக் குறைபாடு நீங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. குழந்தைகளுக்கான அளவு 2015-16 ஆய்வில் 50.7 விழுக்காடாக இருந்தது.

வழங்கப்படும் பொருள்களும் தேவையும்

2007 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தின் மூலம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் விற்கப்பட்டன. உளுந்தம் பருப்பும் இதில் இருந்தது. அது 2017 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் விற்கப்படுகின்றன.

நான்கு பேர் கொண்ட முன்னுரிமைக் குடும்பம் ஒன்றுக்கு, ஆளுக்கு 5 கிலோ வீதம் மாதம் 20 கிலோ அரிசி உரியது. இது ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 167 கிராம் ஆகும். ஒரு கிலோ பருப்பு அதே கணக்கில் சுமார் 8 கிராம் மட்டுமே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கிலோ கலோரி உணவுக்குப் பரிந்துரைக்கும் அளவு தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்பனவாகும். ஆகவே நியாயவிலைக் கடை தானியத் தேவையில் மூன்றில் இரு பங்கையும், பருப்புத் தேவையில் பத்தில் ஒரு பங்கையும் நிறைவு செய்கிறது. காய்கறியும் பழமும் இத்திட்டத்தில் இல்லை.

செறிவூட்டப்பட்ட அரிசி

அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 உயிர்ச்சத்து ஆகியவற்றைக் கலந்து, அரிசி வடிவில் வார்த்தெடுத்த மணிகள், 100 சாதாரண அரிசி மணிக்கு 1 என்ற விகிதத்தில் சேர்க்கப்படுகின்றன. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 2020 ஆம் ஆண்டு முன்னோட்டமாகத் தொடங்கிய இத்திட்டம், 2023 ஆம் ஆண்டு மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. நிறத்திலும் எடையிலும் சிறிது மாறுபட்ட இம்மணிகளைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று ஐயுற்றுப் பொறுக்கி எறிந்தவர்களும் உண்டு. அவ்வாறு எறியும்போது சேர்க்கப்பட்ட சத்தே நீக்கப்படுகிறது.

சிறுதானியங்கள்

2023 ஆம் ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் இது 10 மில்லிகிராமுக்கும் குறைவு. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் சாமை பயிரிடப்படுகிறது.

காய்கறி விற்பனை

காய்கறிக்கென அரசு ஏற்படுத்திய முதன்மை அமைப்பு உழவர் சந்தை. முதல் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. இடைத்தரகர் இன்றி விவசாயிகள் நேரடியாக விற்பதால் சில்லறைக் கடையை விட விலை குறைவு. ஆயினும் சந்தைகள் நகரங்களில் அமைந்து, காலை வேளையிலேயே விற்பனை முடிந்துவிடுகின்றன. அதிகாலையில் வேலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களுக்கு இது இடையூறு. 2013 ஆம் ஆண்டு சென்னையில் கூட்டுறவுத் துறை பண்ணை பசுமை நுகர்வோர் கடைகளைத் தொடங்கியது.

மளிகைக் கடையும் பெட்டிக்கடையும்

திருவண்ணாமலை நகரை ஒட்டியதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளதுமான வேங்கிக்கால் போன்ற வளரும் புறநகர்ப் பகுதிகளில், இரவு வரை திறந்திருப்பவை தெருமுனைக் கடைகளே. இவை பத்து ரூபாய்க்கும் பொருள் தரும். தெரிந்தவர்களுக்குக் கடனும் தரும். வாழைப்பழம், கடலை மிட்டாய், முட்டை, பொட்டுக்கடலை போன்ற சத்துள்ள பொருள்கள் இவற்றில் நெடுங்காலமாகவே கிடைக்கின்றன. ஆனால் கடையின் முகப்பில் தொங்குபவை 5 ரூபாய், 10 ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள். கீரையும் தக்காளியும் விற்காவிட்டால் மறுநாள் வாடும். பொட்டலம் மாதக்கணக்கில் கெடாது. சிறு முதலுடைய கடைக்காரர் பொட்டலத்தை விரும்புவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 2004 ஆம் ஆண்டு, ஃபுட் டிரஸ்ட் என்ற அமைப்பு தெருமுனைக் கடைகளில் பழம், காய்கறி, குறைந்த கொழுப்புள்ள பால் ஆகியவற்றை விற்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. குளிர்பெட்டி, தட்டு போன்ற சாதனங்களும் பயிற்சியும் கடைக்காரர்களுக்கு வழங்கப்பட்டன. மினியாபொலிசு நகரம் மளிகைக் கடைகள் குறிப்பிட்ட அடிப்படை உணவுப் பொருள்களை இருப்பில் வைக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. கடையில் பொருள் இருப்பது கூடினாலும், மக்கள் அதனை வாங்கி உண்பது அதே அளவு கூடுவதில்லை என்பது இத்தகைய முயற்சிகளில் பொதுவாகக் கண்ட பாடம். விலை, சமைக்கும் நேரம், பழக்கம் ஆகியனவும் இதனைத் தீர்மானிக்கின்றன.

விமர்சனங்கள்

- விலையில்லா அரிசி, உணவில் அரிசியின் பங்கை மேலும் கூட்டியது என்பது ஒரு சாராரின் கருத்து. அரிசிக்குச் செலவாகாத பணத்தில் பருப்பும் காய்கறியும் வாங்க முடிகிறது என்பது மறுதரப்பு வாதம்.
- பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. உள்ளூர்க் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை விற்க வேண்டும் என விவசாயிகள் கோரி வருகின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை முக்கிய பயிராகும்.
- இரும்புச்சத்து செறிவூட்டிய அரிசியால் இரத்தசோகை குறைவது சிறிதளவே அல்லது இல்லை என 2019 ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வு தெரிவித்தது. தலசீமியா நோயாளிகளுக்கு இவ்வரிசி ஏற்றதா என்ற கேள்வியும் எழுப்பப்பட்டுள்ளது.
- 2024 மே, ஜூன் மாதங்களில் பருப்பும் பாமாயிலும் உரிய காலத்தில் பல கடைகளை வந்தடையவில்லை. அரசு பின்னர் பெற்றுக்கொள்ளக் கால நீட்டிப்பு அளித்தது. இடைப்பட்ட நாட்களில் வெளிச்சந்தை விலைக்கு வாங்க இயலாத குடும்பங்களுக்குப் பின்னர் தரப்படும் பருப்பு ஈடாவதில்லை.

இவற்றையும் பார்க்க

- பொது வினியோகத் திட்டம்
- உழவர் சந்தை
- சத்துணவுத் திட்டம்
- இரத்தசோகை
- சிறுதானியம்